ஜிஆர் 3ஆ, ஆர்எக்ஸ்100ஆ, கையில் இருக்கும் போனே போதுமா?

ரிக்கோ ஜிஆர் 3 2019ல் வந்தபோது அதன் குறைகளைப் படித்தே சலித்துப்போனேன். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது, ஜூம் கிடையாது, முந்தைய ஜிஆர் 2ல் இருந்த குட்டி ஃப்ளாஷையும் பிடுங்கிவிட்டார்கள், பின்னால் இருக்கும் திரை எந்தப் பக்கமும் மடங்காது, பேட்டரி ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படம்தான் என்று கம்பெனியே சொல்கிறது, தூசிக்கும் தூறலுக்கும் தடுப்பு இல்லை, வீடியோ 1080பியோடு நின்றுவிடுகிறது. இத்தனையையும் விட்டுக்கொடுத்துவிட்டு அகலமான 28 மிமீ கோணம் தரும் ஒரே ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது என்று அப்போதே ஒதுக்கிவிட்டேன்.

அந்தப் பட்டியலில் இன்றைக்கும் ஒரு வரியைக்கூட அடிக்க முடியாது. எந்த அப்டேட்டும் இல்லாத ஃப்ளாஷை முளைக்க வைக்காது. இருந்தும், "போன் இருக்கு, கூடவே பாக்கெட்டில் போட்டுக்கொள்ள ஒரு கேமரா வேண்டும், எதை வாங்கலாம்" என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் வாயில் முதலில் வருவது இந்தப் பெயர்தான். எல்லோருக்கும் பொருந்தாது. நிறையப் பேருக்கு இது தப்பான கேமரா, அவர்களுக்குச் சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் ஒன்றோ, வெறும் போனோ போதும். யாருக்கு எது என்று பிரித்துப் பார்ப்போம்.

ஏன் இவ்வளவு குறைவான கேமராக்களே தேர்வில் நிற்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய கேமரா தயாரிப்பாளர் சங்கமான சிப்பாவின் கணக்குப்படி 2010ல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன, அதில் பெரும்பகுதி காம்பாக்ட், அதாவது லென்ஸைக் கழற்ற முடியாத சின்னக் கேமரா. 2023ல் காம்பாக்ட் எண்ணிக்கை 17 லட்சம் அளவுக்கு வந்துவிட்டது. நிகான் 2016ல் டிஎல் என்று மூன்று நல்ல காம்பாக்ட்களை அறிவித்து, கடைக்கு வருவதற்கு முன்பே 2017ல் கைவிட்டது. கேசியோ 2018ல் காம்பாக்ட்டை விட்டே வெளியேறியது. ஆக, மிச்சம் இருப்பவை போனால் செய்ய முடியாத ஏதோ ஒன்றைச் செய்வதால் பிழைத்தவை. அந்த 'ஏதோ ஒன்று' உங்களுக்குத் தேவையா என்பதுதான் கேள்வி.

போனிலிருந்தே ஆரம்பிப்போம், ஏனென்றால் உண்மையான போட்டி அதோடுதான். மெகாபிக்சலை மறந்துவிடுங்கள். சென்சாரின் பரப்பையும் லென்ஸின் திறப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய மலிவு காம்பாக்ட்களில் இருந்த 1/2.3 அங்குல சென்சாரின் பரப்பு சுமார் 28 சதுர மிமீ. இன்றைய உயர்ரகப் போன்களின் பிரதான கேமராவில் 1/1.28 அங்குல சென்சார் சாதாரணம், அதன் பரப்பு 70ஐத் தொடுகிறது. அதாவது போன் அந்தப் பழைய காம்பாக்ட்டை மென்பொருள் வித்தையால் மட்டும் வெல்லவில்லை, சென்சாரிலேயே ஜெயித்துவிட்டது. ஆர்எக்ஸ்100ல் இருக்கும் ஒரு இன்ச் சென்சார் 13.2க்கு 8.8 மிமீ, பரப்பு 116. ஜிஆர் 3லும் ஃபுஜி எக்ஸ்100 வரிசையிலும் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 366.

இதைப் பார்த்தவுடன் "ஏபிஎஸ்-சி மூன்று மடங்கு பெரிசு, எனவே இருட்டில் மூன்று மடங்கு நல்லது" என்று கணக்குப் போடத் தோன்றும். அப்படி இல்லை. எஃப் எண் குறைந்தால் திறப்பு பெரிது என்று அர்த்தம், ஆனால் சென்சாரின் அளவையும் சேர்க்க வேண்டும்: ஃபுல் ஃப்ரேம் (36க்கு 24 மிமீ சென்சார்) கணக்குக்கு மாற்றினால் ஆர்எக்ஸ்100 மார்க் 3ன் எஃப்/1.8 திறப்பு ஏறக்குறைய எஃப்/4.9 ஆகிறது, ஜிஆர் 3ன் எஃப்/2.8 ஏறக்குறைய எஃப்/4.2, எக்ஸ்100 வரிசையின் எஃப்/2 ஏறக்குறைய எஃப்/3, மேலே சொன்ன மாதிரிப் போனின் எஃப்/1.8 சுமார் எஃப்/6. அதாவது ஜூமை இழுக்காமல் அகலக் கோணத்தில் எடுக்கும்போது சோனிக்கும் ரிக்கோவுக்கும் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) வித்தியாசம்கூட முழுசாகத் தேறாது. போன் இன்னும் முக்கால் ஸ்டாப் போலப் பின்தங்கியிருக்கிறது, ஆனால் அது பல ஃப்ரேம்களை அடுக்கி ஒன்றாக்கி அந்தக் கடனை அடைத்துவிடுகிறது. இருட்டில் அசையாமல் இருக்கும் ஒரு கட்டடத்தை எடுக்க வேண்டும் என்றால் போனே போதும், அதற்காகப் புதுக் கேமரா வாங்க வேண்டாம்.

பெரிய சென்சாரின் பலன் நல்ல வெளிச்சத்தில்தான் அதிகம் தெரியும். கேட்க விசித்திரமாக இருக்கும், காரணம் எளிது. ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, 100ல் வைத்து ஷட்டர் வேகத்தை நமக்கு வேண்டிய அளவுக்குத் தளர்த்த முடிகிறபோது பெரிய சென்சார் நிரம்பும் வரை அதிக ஒளியை வாங்கிக்கொள்கிறது, அதனால் நிழலும் வெயிலும் கலந்த காட்சியின் ரா ஃபைலில் (கேமரா இன்னும் சமைக்காத மூலக் கோப்பு) நிழலைத் தூக்கினாலும் அழுக்காகத் தெரிவதில்லை. இருட்டில் சென்சாரை நிரப்பவே ஒளி இருக்காது, அங்கே திறப்புதான் பேசும்.

அடுத்து அசைவு. போன் அடுக்கும் ஃப்ரேம்களுக்கு நடுவே ஒரு குழந்தை ஓடினால் மென்பொருள் எந்த ஃப்ரேமின் கையை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் சமாளித்துவிடுகிறது. சமாளிக்காத இடத்தில் விரல்கள் மெழுகாகி, தலைமுடி ஒரே திட்டாகிவிடும். கேமரா ஒரே ஃப்ரேமை எடுக்கிறது, கொஞ்சம் குருணை (புள்ளிப்புள்ளியான சொரசொரப்பு) இருக்கலாம், ஆனால் அந்தக் கணத்தில் இருந்தது அப்படியே இருக்கும். எனக்கு அந்தக் குருணை பரவாயில்லை. போன் திரையில் மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான், அதில் தப்பும் இல்லை.

இவ்வளவையும் ஒத்துக்கொண்ட பிறகும் ஜிஆர் 3 பக்கம் ஏன் சாய்ந்தேன் என்றால், படத்தின் தரத்தைவிடப் படம் எடுக்கும் விதத்துக்காகத்தான்.

அதில் ஸ்னாப் ஃபோகஸ் என்று ஒன்று இருக்கிறது. ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் வழக்கமான ஆட்டோஃபோகஸ். பாதியில் நிற்காமல் ஒரே அழுத்தாக முழுக்க அழுத்தினால் ஆட்டோஃபோகஸ் வேலையே செய்யாது, நீங்கள் முன்பே சொல்லி வைத்த தூரத்தில், 1 மீட்டரோ 2 மீட்டரோ 5 மீட்டரோ, லென்ஸ் போய் நின்றுவிடும், படம் விழுந்துவிடும். ஃபோகஸ் தேடுவது, பெட்டி பச்சையாவது, பீப் சத்தம், எதுவும் இல்லை. 28 மிமீ என்பது ஃபுல் ஃப்ரேம் கணக்கு, இந்த லென்ஸின் உண்மையான குவிய நீளம் 18.3 மிமீ, அதனால் எஃப்/8ல் 2 மீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 1 மீட்டரிலிருந்து பல பத்து மீட்டர் வரை எல்லாமே ஏற்கத்தக்க தெளிவோடு விழும். நல்ல பகல் வெளிச்சத்தில் ஷட்டர் வேகத்தை 1/500 என்று வைத்து ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிட்டால் கேமராவிடம் கேட்க வேண்டிய கேள்வியே மிச்சமில்லை. பார்த்தோம், அழுத்தினோம், முடிந்தது.

ஆன் செய்து படம் எடுக்கத் தயாராக 0.8 விநாடி என்கிறது ரிக்கோ. கேமராவைப் பாக்கெட்டிலிருந்து உருவும்போதே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பட்டன் சிக்கிவிடும், முகத்துக்கு எதிரே வருவதற்குள் லென்ஸ் வெளியே வந்திருக்கும். ஏறக்குறைய எல்லாப் பட்டன்களும் வலது கைக்கே வைக்கப்பட்டிருக்கின்றன, இடது கையில் பையோ குடையோ குழந்தையோ இருக்கலாம். போனில் இதே வேலைக்குப் பூட்டைத் திறந்து, கேமராவைத் திறந்து, தவறி வீடியோவுக்குப் போய்விட்டு மறுபடி படத்துக்கு வந்து... சரி, பட்டன் வைத்த போன்களும் இருக்கின்றன, பாதி மன்னிப்பு.

வியூஃபைண்டர் இல்லாததுதான் எனக்குப் பெரிய தடையாக இருந்தது, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கண்ணை மறைத்துக்கொண்டு கேமராவைத் தூக்கும் ஆளைப் பார்த்தால் எதிரில் இருப்பவர்கள் உடனே உடம்பை விறைத்துக்கொள்கிறார்கள், சிரிக்கிறார்கள் அல்லது முறைக்கிறார்கள். வயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நேராக முகம் பார்த்துப் பேசும் ஆளை அப்படி யாரும் பொருட்படுத்துவதில்லை. 28 மிமீ கோணம் கொஞ்ச நாள் பழகினால் திரையைப் பார்க்காமலே சட்டகத்தின் ஓரம் எங்கே இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது, நூற்றுக்கு நூறு இல்லை, போதுமான அளவுக்கு. ஆனால் இதில் ஒரு விஷயத்தை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை: வெள்ளெழுத்து வந்தவர்களுக்குப் பின்திரை ஒரு தொல்லை. வாசிக்கும் கண்ணாடி போட்டால் திரை தெரியும், எதிரில் இருக்கும் ஆள் மங்கிவிடுவார். கழற்றினால் நேர்மாறு. அவர்களுக்குக் கண்பார்வைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் வசதியுள்ள வியூஃபைண்டர் ஒரு ஆடம்பரம் இல்லை, அது இல்லாமல் கேமராவே இல்லை. நீங்கள் அந்த வயதை எட்டியிருந்தால் ஜிஆரை இத்தோடு விட்டுவிட்டு ஆர்எக்ஸ்100 பத்திக்குப் போய்விடலாம்.

ஜப்பானியப் புகைப்படக்காரர் டைடோ மோரியாமா ஃபிலிம் காலத்து ஜிஆர் 1 நாட்களிலிருந்தே இந்த வரிசை கேமராக்களோடு தெருத்தெருவாகச் சுற்றியவர் என்பது இந்தக் கேமராவை விற்பவர்கள் தவறாமல் சொல்லும் விஷயம். உண்மைதான். அவர் கையில் எதைக் கொடுத்தாலும் அதே மாதிரிதான் எடுத்திருப்பார் என்பது என் சந்தேகம், அதனால் அதற்காக வாங்க வேண்டாம்.

இனி குறைகள் பயன்பாட்டில் எப்படித் தெரியும் என்று பார்ப்போம், ஏனென்றால் காகிதத்தில் ஒரே மாதிரி இருக்கும் குறைகள் கையில் ஒரே கனமாக இருப்பதில்லை. பேட்டரி உண்மையிலேயே மோசம், ஆனால் சின்னது, உபரியாக ஒன்றைப் பையில் போட்டால் பிரச்சினை தீர்ந்தது, யூஎஸ்பி-சியில் எந்தச் சார்ஜரிலும் ஏற்றலாம். ஃப்ளாஷ் இல்லாதது எனக்கு வலிக்கிறது, மேலே ஹாட் ஷூ இருப்பதால் தனி ஃப்ளாஷ் மாட்டலாம், மாட்டினால் பாக்கெட்டில் போகாது. ஜூம் இல்லாததை 35 மிமீ, 50 மிமீ கிராப் (படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது) வசதியால் சமாளிக்கலாம் என்பார்கள். 24 மெகாபிக்சல் முதலில் 15 ஆகும், பிறகு 7 ஆகும், 35 வரை நியாயம், 50 ஒரு ஆறுதல் பரிசு. மங்கிய வெளிச்சத்தில் ஆட்டோஃபோகஸ் தடுமாறுகிறது, அங்கே நகரும் ஆட்களை எடுப்பது வேதனை. தூசி எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி: லென்ஸ் உள்ளே வெளியே போய்வரும்போது காற்றையும் சேர்த்து இழுக்கிறது, ஒரு துகள் சென்சாரில் உட்கார்ந்துவிட்டால் லென்ஸைக் கழற்றித் துடைக்க இது மிர்ரர்லெஸ் இல்லை, கேமராவே தூசியை உதறும் வசதிக்கும் அது அசையாவிட்டால் பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஜீன்ஸ் பாக்கெட்டின் அடியில் சேரும் பஞ்சுக்கு இந்தக் கேமரா ஆகவே ஆகாது. மெல்லிய துணிப்பை ஒன்றில் போட்டுப் பாக்கெட்டில் வையுங்கள்.

2021ல் வந்த ஜிஆர் 3எக்ஸ் இதே உடம்பில் 40 மிமீ கோணம் தருகிறது. 28 மிமீயில் ஆட்களின் மூக்கு பெரிதாகிறது, பக்கத்தில் போகக் கூச்சமாக இருக்கிறது என்பவர்களுக்கு இது பொருத்தம். ஆனால் லென்ஸ் 26.1 மிமீ ஆகிவிடுவதால் ஸ்னாப் ஃபோகஸின் தாராளம் குறைந்துவிடும்: எஃப்/8ல் 2.5 மீட்டர் என்று வைத்தால் சுமார் 1.6 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரைதான். நான் இந்தக் கேமராவுக்கு வந்ததே ஸ்னாப் ஃபோகஸுக்காக என்பதால் எனக்கு 28தான். குடும்பத்தையும் சாப்பாட்டு மேசையையும் அதிகம் எடுப்பவருக்கு 40. 2025ல் ஜிஆர் 4 வந்தது, 26 மெகாபிக்சல், ஐந்து அச்சு நடுக்கத் தடுப்பு, உள்ளேயே 53 ஜிபி சேமிப்பு. ஜிஆர் 3ல் உள்சேமிப்பு 2 ஜிபிதான். வியூஃபைண்டரும் ஃப்ளாஷும் ஜிஆர் 4லும் இல்லை, எனவே இங்கே சொன்ன வாதம் மாறாது.

ஆர்எக்ஸ்100 வரிசைக்கு வருவோம். இதன் முதல் மாடல் 2012ல் வந்தபோது பாக்கெட்டில் போகும் உடம்பில் ஒரு இன்ச் சென்சார் என்பது பெரிய அதிசயம், 240 கிராம், 28-100 மிமீ ஜூம். அதையும் சேர்த்து ஏழு தலைமுறை, பெயர்களைப் பார்த்தால் ஒன்றின் தம்பி இன்னொன்று போலத் தோன்றும், உண்மையில் மார்க் 3லிருந்து இவை இரண்டு குடும்பங்கள். மார்க் 3 முதல் மார்க் 5 வரை 24-70 மிமீ, எஃப்/1.8-2.8, உள்ளே என்டி ஃபில்டர் (உள்ளே வரும் ஒளியைக் குறைக்கும் கண்ணாடி). மார்க் 6ம் 7ம் 24-200 மிமீ, எஃப்/2.8-4.5, என்டி கிடையாது. எண் கூடினால் மேம்பட்டது என்று நினைத்து மார்க் 7 வாங்கி, வீட்டுக்குள் எடுக்கும் படங்களில் ஏன் குருணை என்று குழம்புபவர்கள் உண்டு. முன்பு போட்ட கணக்குப்படி 200 மிமீ முனையில் எஃப்/4.5 என்பது ஃபுல் ஃப்ரேமின் எஃப்/12க்குச் சமம், அது வெயிலுக்கான லென்ஸ். தூரத்து மேடை, பறவை, விளையாட்டுத் திடல் என்றால் 6, 7. மனிதர்கள், வீட்டுக்குள், மாலை என்றால் 3, 4, 5. அவ்வளவுதான், இதற்கு மேல் குழப்பிக்கொள்ள ஒன்றும் இல்லை.

மார்க் 3க்கும் 5க்கும் நடுவே எது என்றால், ஓடும் குழந்தைகள் இருந்தால் 5, ஏனென்றால் 3ல் இருப்பது முன்னும் பின்னும் போய்த் தேடும் கான்ட்ராஸ்ட் முறை ஆட்டோஃபோகஸ், லென்ஸ் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று உடனே அறியும் ஃபேஸ் டிடெக்ஷன் 5ல்தான் வந்தது. 4கே வீடியோ 4லிருந்து. இதெல்லாம் வேண்டாம் என்றால் 2014ல் வந்த மார்க் 3 இன்றும் நல்ல கேமரா, 290 கிராம், சிப்பா கணக்கில் 320 படம், மேலே எழும்பும் வியூஃபைண்டர், மடங்கும் திரை, ஃப்ளாஷ். அந்த ஃப்ளாஷை விரலால் பின்னால் சாய்த்துக் கூரையில் அடித்து எடுத்தால் சின்ன அறைக்குள் எடுத்த படத்தின் முகமே மாறிவிடும், முகத்தில் வெள்ளையடித்த மாதிரி இல்லாமல் மேலிருந்து இறங்கும் மிருதுவான வெளிச்சம். போனின் எல்இடியால் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அப்படியானால் ஏன் இதை முதலில் சொல்வதில்லை? எரிச்சல்கள். உடம்பு வழுக்குகிறது, சோனியே தனியாக ஒட்டும் பிடி விற்றது. மார்க் 3ல் வியூஃபைண்டரை எழுப்பிய பிறகு கண்ணாடியைக் கையால் இழுக்க வேண்டும், உள்ளே அமுக்கினால் கேமராவே அணைந்துவிடும். லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையம் திருப்பியதற்கும் நடந்ததற்கும் நடுவே தொடர்பு குறைவு. மெனு ஒரு காடு. இதெல்லாம் தனித்தனியாகச் சின்ன விஷயம், ஆனால் சேர்ந்து என்ன செய்கின்றன என்றால், கேமராவை ஆட்டோவில் போட்டுவிட வைக்கின்றன. ஆட்டோவில் போட்டுவிட்டால் அது கொஞ்சம் நல்ல போன், அவ்வளவே. தரத்தில் இந்தக் கேமரா மேல் எனக்குப் புகார் இல்லை. எடுக்க வேண்டும் என்று கை துடிப்பதில்லை, அதுதான்.

ஃபுஜி எக்ஸ்100 வரிசையைச் சொல்லாமல் போனால் சண்டைக்கு வருவார்கள். 2024ல் வந்த எக்ஸ்100 6ல் 40 மெகாபிக்சல், 35 மிமீ கோணத்தில் எஃப்/2, நடுக்கத் தடுப்பு, கண்ணாடி வழியாகவும் மின்திரையாகவும் பார்க்கக்கூடிய இரட்டை வியூஃபைண்டர், உள்ளே ஃப்ளாஷ், நான்கு ஸ்டாப் என்டி, ஃபிலிம் நிறங்கள். எல்லாம் இருக்கிறது, பாக்கெட்டில் போவதைத் தவிர. 521 கிராம், 55 மிமீ தடிமன். ஜிஆர் 3 257 கிராம், 33 மிமீ. தோளில் மாட்டித்தான் போக வேண்டும், தோளில் மாட்டுவது என்று ஆகிவிட்டால் லென்ஸ் மாற்றக்கூடிய சின்ன மிர்ரர்லெஸ்ஸில் ஒரு தட்டை லென்ஸைப் போட்டுக்கொண்டால் என்ன என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஃபுஜியின் உடம்பையும் டயல்களையும் பார்த்து மனசு கரைபவர்கள் வாங்கட்டும், சந்தோஷமாக இருப்பார்கள், அது பாக்கெட் கேமரா என்று மட்டும் சொல்ல வேண்டாம். மிர்ரர்லெஸ் ஏற்கெனவே வைத்திருப்பவர் அதை ஏன் எடுத்துப்போவதில்லை என்று யோசித்தாலே விடை கிடைத்துவிடும், எனவே அதை இங்கே தனி விருப்பமாக எண்ணவில்லை.

பேசிக்கொண்டே வீடியோ எடுப்பவர்களுக்கு கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3: ஒரு இன்ச் சென்சார், 24-100 மிமீ எஃப்/1.8-2.8, திரை முன்பக்கம் திரும்பும், மைக் மாட்டும் துளை உண்டு. படம் மட்டும் எடுப்பவருக்கு வியூஃபைண்டர் இல்லாத ஆர்எக்ஸ்100 என்று சொல்லலாம். தண்ணீருக்குள்ளும் பூச்சிகளுக்குப் பக்கத்திலும் போக வேண்டுமென்றால் ஓஎம் சிஸ்டம் டிஜி-7, 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும், ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் ஃபோகஸ் ஆகும், சென்சார் சின்னதுதான், ஆனால் அந்த இரண்டு வேலைக்கும் மேலே சொன்ன எந்தக் கேமராவும் லாயக்கில்லை. 40 மடங்கு ஜூம் என்று வரும் சின்ன சென்சார் காம்பாக்ட்கள், உதாரணமாக கேனான் எஸ்எக்ஸ்740, நிலாவை எடுத்துக் காட்டி அசத்துவதற்கு நன்றாக இருக்கும். அவ்வளவு நீட்டிய முனையில் திறப்பு எஃப்/6.9, அந்த அளவு சென்சாருக்கு அது டிஃப்ராக்ஷனிலேயே (சின்னத் திறப்பில் ஒளி வளைந்து பரவுவது) மழுங்கிவிடும்.

இப்போது எல்லோரும் பெட்டியைத் துழாவி எடுக்கும் பழைய சிசிடி (அந்தக் காலத்துச் சென்சார் வகை) காம்பாக்ட்களைப் பற்றி என் கருத்து கொஞ்சம் சிக்கலானது. அந்த நிறம் சிசிடியால் வருகிறது என்ற நம்பிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் காலத்துக் கம்பெனிகள் ஜேபெக்கை அடர்த்தியாக, கான்ட்ராஸ்ட் தூக்கலாகச் சமைத்தார்கள், நேரடி ஸீனான் ஃப்ளாஷ் முகத்தில் அடித்தது, பின்னணி கறுத்துப்போனது; நாம் ஏங்குவது இந்த மூன்றின் சேர்க்கைக்குத்தான். அதில் ஃப்ளாஷ் உண்மையான பலம். ஸீனான் குழாய் ஆயிரத்தில் ஒரு விநாடிக்குள் எரிந்து முடிந்துவிடுவதால் ஆடும் ஆட்கள் அப்படியே உறைந்துவிடுவார்கள். வீட்டில் சும்மா கிடக்கும் ஒன்று இருந்தால் தூசி தட்டி எடுங்கள், விருந்துக்கு அதைவிடச் சுவாரசியமான கேமரா கிடையாது. பழைய கேனான் பவர்ஷாட் என்றால் சிஎச்டிகே என்ற இலவச மென்பொருளைக் கார்டில் போட்டு ரா ஃபைல்கூட எடுக்கலாம்.

தேடிப்பிடித்து வாங்குவதாக இருந்தால் யோசிக்க வேண்டும். 2006க்கு முன்பு வந்த பல கேமராக்கள் எஸ்டிஎச்சி கார்டை அடையாளமே கண்டுகொள்ளாது, 2 ஜிபிக்குள் இருக்கும் பழைய எஸ்டி கார்டு தேட வேண்டும். அப்போதைய ஒலிம்பஸ், ஃபுஜி என்றால் எக்ஸ்டி கார்டு, சோனி என்றால் மெமரி ஸ்டிக். பேட்டரி உப்பியிருக்கலாம். 2002 முதல் 2004 வரை வந்த பல கம்பெனிகளின் கேமராக்களில் இருந்த ஒருவகை சிசிடி, வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் உள் இணைப்பு விட்டுப்போய்ப் படம் ஊதாவாகவோ கோடுகளாகவோ மாறியது, 2005ல் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தார்கள். அந்த அறிவிப்புக்கு இப்போது யாரும் பொறுப்பில்லை. விளையாட்டுச் சாமானாக வாங்கலாம், இருக்கும் ஒரே கேமராவாக வேண்டாம்.

முடிவு எடுக்க எனக்குத் தெரிந்த வழி இது. கடைசியாக எடுத்த, உங்களுக்கே பிடித்த படங்களைப் போனில் திறந்து பாருங்கள். அதில் பாதிக்கு மேல் ஜூம் செய்து எடுத்ததா? அப்படியென்றால் ஜிஆரை மறந்துவிடுங்கள், ஆர்எக்ஸ்100 மார்க் 5 அல்லது வெயில் ஆளாக இருந்தால் மார்க் 6, 7. பிடித்தவை எல்லாம் அசையாத காட்சிகள், சாப்பாடு, கட்டடம், மாலை வானம் என்றால் எதுவும் வாங்க வேண்டாம், போன் ஏற்கெனவே நன்றாகச் செய்கிறது. ஆட்களை எடுத்திருக்கிறீர்கள், ஆனால் எல்லோரும் உங்களைப் பார்த்து நிற்கிறார்கள், நீங்கள் நினைத்த கணம் ஒரு நொடி முன்பே போய்விட்டது என்று தோன்றினால், அங்கேதான் ஜிஆர் 3. தவறவிட்டது வீட்டுக்குள், மங்கிய வெளிச்சத்தில் என்றால் ஃப்ளாஷோடு ஆர்எக்ஸ்100 மார்க் 3. வீட்டில் இரண்டு பேர் ஒரே கேமராவைப் பகிர்வதாக இருந்தாலும் சோனிதான், ஜிஆர் ஒரு ஆளின் கைக்கும் பழக்கத்துக்கும் பழகிக்கொள்ளும் சாமான், அடுத்தவர் எடுத்தால் பாதிப் படம் ஸ்னாப் ஃபோகஸில் மங்கலாக வரும், பழி உங்கள் மேல் விழும்.

எதுவானாலும் செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் கையில் எடுத்துச் சோதிக்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஜிஆர் என்றால் எஃப்/16ல் வைத்து வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ எடுத்துப் படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாக நகர்த்திப் பாருங்கள், சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் தூசி உள்ளே போய்விட்டது. ஆர்எக்ஸ்100 என்றால் பலமுறை ஆன் ஆஃப் செய்து லென்ஸ் தயங்காமல் வந்து போகிறதா, ஜூம் முழுக்க நீளும்போது கரகரவென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள், அப்புறம் ஒரு செங்கல் சுவருக்கு நேராக நின்று எஃப்/4ல் ஒரு படம் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் தனியாக மங்கியிருந்தால் லென்ஸ் நகர்ந்திருக்கிறது, எப்போதோ கீழே விழுந்திருக்கலாம். விற்பவர் "அது அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னால் நம்ப வேண்டாம், அப்படி இருக்காது.